மேம்பாலத்தில் கழன்ற மூன்றாம் கியர்

சீனித்தாயின் காரில் ஏறிக் கோயிலுக்குப் போகிற மணப்பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அக்கா, சேப்டி பின் இருக்கா?" என்பதுதான். இருக்கும். பின், கைக்குட்டை, தலைவலித் தைலம், வீட்டு வாசலில் அழுதுவிட்டு ஏறுகிற பெண்ணின் கண்மை கலையாமல் ஒற்றியெடுக்கப் பஞ்சு, எல்லாம் டாஷ்போர்டுக்குள் தயாராக இருக்கும். தூத்துக்குடியில் கல்யாணத்துக்குக் கார் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு பெண்ணே ஓட்டி வருகிற கல்யாணக் கார் அவளுடையது ஒன்றுதான்.

அந்தத் தொழிலுக்கு அவள் வந்ததும் ஒரு கல்யாண வீட்டில்தான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அரிசிக்கடை வைத்திருந்த சிவசுப்பிரமணியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கடையின் லோடு வண்டி டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை தானே ஓட்டுவதாகச் சொல்லி வண்டியில் ஏறினாள். ஆள் கிடைத்த பிறகும் இறங்கவில்லை. ஒருநாள் மண்டபம் ஒன்றில் அரிசி மூட்டை இறக்கப் போன இடத்தில், மணப்பெண்ணை ஏற்றிப்போக வேண்டிய டிரைவர் காலையிலேயே நன்றாகக் குடித்துவிட்டுக் கார்க் கதவைத் திறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றான். பெண்ணின் அத்தை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "ஏளா, லோடு வண்டி ஓட்டுதவ காரு ஓட்ட மாட்டியா?" என்றாள். சீனித்தாய் கையில் ஒட்டியிருந்த அரிசி மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பெண் நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவளைத் தேடி ஆள் வந்தது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

வாடகைக்கு எடுத்த கார்களைக் கொஞ்ச காலம் ஓட்டிய பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினாள். எழுபதுகளில் வந்த அம்பாசிடர். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் கிடந்தது. உடம்பு கம்பீரமாக இருந்தது, உள்ளே உயிரில்லை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டு, அதற்குப் புது என்ஜின், ஐந்து கியர் உள்ள கியர் பாக்ஸ், கழித்துக் கட்டிய சின்னக் கார் ஒன்றின் பவர் ஸ்டியரிங், ஏசி எல்லாம் பூட்டி, தந்த நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தாள். பட்டறையைத் தேடிப் பிடித்தது சிவசுப்பிரமணியன்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. இரண்டு கல்யாண சீசன் கார் ராணி மாதிரி ஓடியது.

மூன்றாவது சீசனில், ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அது நடந்தது.

பெண் வீடு மறவன்மடத்தில். கல்யாணம் ஊருக்குள் மாதா கோயிலில். பின் சீட்டில் மணப்பெண்ணும் அவளுடைய சித்திமார் மூன்று பேரும் பட்டும் நகையுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பெண்ணின் அப்பா சிலுவை. கல்யாணக் கவலையில் வழிநெடுக வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் மைல் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்து கொண்டிருந்தது. சீனித்தாய் மூன்றாவது கியருக்கு வந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, வலப்பக்கமாக அதைத் தாண்டினாள். தாண்டி முடித்து இடப்பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வளைத்தாள். வளையவில்லை. யாரோ கீழேயிருந்து கையால் பிடித்துக்கொண்டது போல அது இறுகி நின்றது. கார் நேராக நடுச்சுவரைப் பார்த்துப் போயிற்று. இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். அந்த நேரத்தில் "டங்" என்று ஒரு சத்தம். மூன்றாவது கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்தது. என்ஜின் ஓவென்று அலறியது. ஸ்டியரிங் விடுபட்டு, இழுத்த இழுப்பில் கார் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் இருந்திருந்தால் அதிகம்.

பின்னால் இருந்த சித்திமார், "என்னக்கா, மெதுவா!" என்று சிரித்தார்கள். சிலுவை மட்டும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, கியர் விழலையா?"

"விழுந்துட்டு அண்ணாச்சி," என்றாள். மீதித் தூரத்தை இரண்டாவது கியரிலேயே உருட்டிப் பெண்ணைக் கோயிலில் இறக்கிவிட்டாள். பூத்தூவி எல்லோரும் உள்ளே போன பிறகு சிலுவையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பொண்ணு மாப்பிள்ள திரும்பிப் போறதுக்கு வேற காரு வச்சுக்கிடுங்க. நானே போன் போட்டுச் சொல்லிருக்கேன், இப்ப வந்துரும். இந்த வண்டில இனி நான் அவங்கள ஏத்த மாட்டேன்."

"ஏம்மா, பூவெல்லாம் கட்டியாச்சு, போட்டோக்காரன் நிக்கான், இப்ப வந்து இப்படிச் சொல்லுத?"

"வண்டியில என்னமோ இருக்கு. என்னன்னு எனக்கே தெரியல. தெரியாம ஏத்தக்கூடாதுல்லா?"

சிலுவைக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசுவதாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சீனித்தாய் காரில் கட்டியிருந்த பூச்சரத்தை அவிழ்த்து, வந்து நின்ற அடுத்த காருக்குத் தானே கட்டிவிட்டு, ஆளில்லாத காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு அம்புரோஸின் பட்டறைக்குப் போனாள்.

அம்புரோஸின் பட்டறை திரேஸ்புரம் கரையில் இருந்தது. படகு என்ஜினும் பார்ப்பார், பழைய காரும் பார்ப்பார். அவர் பேசுவதைவிட முனகுவது அதிகம். சீனித்தாய் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"கியர் கழலுதா? பாக்ஸ இறக்கிப் பாத்திருவோம் தங்கச்சி. ஸ்டியரிங்கு ஜோன்ஸ் வேல. நான் அதுல கை வைக்க மாட்டேன்."

கியர் பாக்ஸை இறக்கினார். கியரை விழுந்த இடத்தில் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கும் என்று நினைத்தார். பெரிதாகத் தேய்மானம் இல்லை. இருந்தாலும் இரண்டையும் மாற்றினார். பிறகு கார் பாளை ரோட்டில் ஜோன்ஸின் கடைக்குப் போயிற்று. ஜோன்ஸ் சின்ன வயசுக்காரன், வீல் அலைன்மென்ட் மிஷின் வைத்திருப்பவன். கணக்கெல்லாம் சரியாக இருப்பதாக மிஷின் சொன்னது. சக்கரங்களைத் திருப்புகிற டை ராடு முனைகளை மாற்றினான். பவர் ஸ்டியரிங் மோட்டாரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். "அக்கா, இனி ஒத்த விரலால சுத்தலாம்," என்றான்.

அவள் தனியாக ஓட்டிப் பார்த்தாள். மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினாள். வெண்ணெய் மாதிரி போனது. திரும்பி வந்து இன்னொரு தடவை ஏறினாள். ஒன்றுமில்லை. அம்புரோஸ் ஓட்டினார், ஜோன்ஸ் ஓட்டினான், சிவசுப்பிரமணியன் ஓட்டினார். யார் கையிலும் கார் தப்புச் செய்யவில்லை.

"சரியாயிட்டுல்லா, பெறகென்ன?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"எது சரியாச்சு? என்ன கெட்டிருந்துச்சுன்னே யாருக்கும் தெரியல. தெரியாமலே சரியாயிட்டுன்னா, தெரியாமலே திரும்பவும் கெட்டுப் போகும்."

அந்த வார்த்தையிலிருந்து அவளை நகர்த்த முடியவில்லை. தை மாதத்துக்கு எடுத்திருந்த ஓட்டங்களை ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் பேசி விட்டுக்கொடுத்தாள். சில வீட்டுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். சிலர், பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று பேசியதும் காதுக்கு வந்தது. கார் ஷெட்டில் நின்றது. அவள் திரும்பவும் லோடு வண்டியில் ஏறி ஹோட்டல் ஹோட்டலாக அரிசி இறக்கினாள். இறக்கிவிட்டு வரும் வழியில் தினமும் பட்டறையில் போய் நின்றாள்.

அவளும் ஒரு தப்பு செய்தாள். கியர் பாக்ஸுக்குள் பல் உடைந்த சக்கரம் ஒன்று இருக்கிறது, அம்புரோஸ் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று அவள் மனதுக்குள் உறுதியாகிவிட்டது. இன்னொரு தடவை இறக்கச் சொன்னாள். அம்புரோஸ் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் இறக்கினார். ஒவ்வொரு சக்கரமாகத் துணியில் துடைத்து அவள் முன்னால் தட்டில் அடுக்கினார். ஒரு பல்லும் போகவில்லை.

"எண்ணிப் பாத்துக்கோ தங்கச்சி. நான் பாக்காம பூட்டிட்டேன்னு தான நெனச்ச?"

"தப்புத்தான் அண்ணாச்சி," என்றாள் சீனித்தாய். "மன்னிச்சுக்கிடுங்க. ஆனா அது கழண்டது நிஜம்."

"நிஜமில்லன்னு நான் எப்பச் சொன்னேன்? எங்கையில கழண்டு காட்ட மாட்டேங்குதே, அதத்தான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு முற்றியது. காரை விற்றுவிடலாம் என்றார் சிவசுப்பிரமணியன். "வாங்குதவன் தலையில கட்டவா?" என்று கேட்டாள். உனக்கு மனதில் பயம் புகுந்துவிட்டது, அதுதான் நோய் என்றார். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீங்க தேடிப் பிடிச்ச பட்டறைங்கிறதால அதுல குத்தம் இருக்காதுன்னு நெனைக்கிய. நான் உங்களக் குத்தம் சொல்லல. எங்கையில ஸ்டியரிங்கு இறுகிச்சு. அந்த இறுக்கம் இன்னும் எங்கையிலயே இருக்கு. பயம்னா நான் அந்தப் பாலத்துப் பக்கமே போக மாட்டேன். எத்தன தடவ ஏறி ஏறிப் பாத்தேன்?"

அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதுதான் கேட்டார். "அன்னைக்கு வண்டில எத்தன பேரு இருந்தாவ?"

சீனித்தாய்க்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அன்று காரில் ஆறு பேர். பின் சீட்டில் நாலு பேர், நகை, சீர்த் தட்டு, டிக்கியில் பாத்திரம். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் காலிக் காரைத்தான் ஓட்டினார்கள். சுமை இல்லாத கார் பாலத்தில் சும்மா ஏறிவிடும். என்ஜின் முக்க வேண்டிய தேவையே இல்லை.

மறுநாள் காலையில் காரைக் கடை வாசலில் நிறுத்தினாள். அம்புரோஸுக்குப் போன் போட்டு, சுமை ஏற்றி ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னபோது, உப்பு மூட்டை வேண்டுமானால் உப்பளத்தில் சும்மாவே கிடைக்கும், ஏற்றிக்கொள் என்றார். உப்பை ஏற்றினால் தகரம் துருப்பிடிக்கும் என்று மறுத்துவிட்டாள். ஆட்களை ஏற்றவும் அவளுக்கு மனமில்லை. சிவசுப்பிரமணியன்தான் கடைக்குள்ளிருந்து அரிசி மூட்டைகளைத் தோளில் தூக்கிவந்து பின் சீட்டில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். கடைசி மூட்டைக்கு சீட் பெல்ட்டும் மாட்டினார். பிறகு முன் கதவைத் திறந்து தானும் ஏறினார்.

"நீங்க எதுக்கு? இறங்குங்க."

"ஒத்தையில நீ ஸ்டியரிங்கப் பாப்பியா, கியரப் பாப்பியா? கியரு எம்பொறுப்பு. வண்டிய எடு."

காலை நேரத்து நெரிசல் அடங்கிப் பாலம் காலியாக இருந்தபோது, இடது ஓரமாகவே மெதுவாக ஏறினாள். இரண்டாவது கியர். பிறகு மூன்றாவது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சுமையோடு கார் முக்கிக்கொண்டு ஏறியது. ஸ்டியரிங்கை லேசாக அசைத்தபடியே வந்தவள் ஓரிடத்தில் உறைந்தாள். "பிடிக்குங்க," என்றாள். குரல் சன்னமாக வந்தது. மிதித்த காலை எடுத்தாள். ஸ்டியரிங் உடனே விடுபட்டது. திரும்பவும் மிதித்தாள். இறுகியது. எடுத்தாள். விட்டது.

சிவசுப்பிரமணியன் கியர் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, நீ மிதிக்கும்போதெல்லாம் இந்தக் கம்பி என் கைய விட்டு ஒம் பக்கமாச் சாயுது. தரைத் தகரத்துல போயி முட்டுது, பாரு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, "டங்" என்று கியர் கழன்றது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். சிவசுப்பிரமணியனின் நெற்றி வேர்த்திருந்தது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "ஒன்னிய நம்பாம இருந்துட்டேன்," என்றார். சீனித்தாய்க்கு அது காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. அவள் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி கியர் பாக்ஸின் மேல் நிற்கிறது. கியர் பாக்ஸ் என்ஜினோடு சேர்த்துப் பூட்டியது. கம்பி சாய்கிறது என்றால்?

"கம்பி சாயலங்க," என்றாள். "என்ஜினே சாயுது."

நேராகத் திரேஸ்புரத்துக்கு விட்டாள். ஜோன்ஸுக்கும் போன் போட்டு வரச் சொன்னாள். அம்புரோஸ் படகு என்ஜின் ஒன்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு, "ஆக்ஸிலேட்டருக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அதைத்தான் அண்ணாச்சி நானும் கேக்கேன். பானட்டத் தொறந்து வச்சு, ஓடாம நின்ன எடத்துலயே வண்டிய முக்க வச்சுப் பாப்போம்."

அம்புரோஸ் கையைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு போய், படகுக்கு நங்கூரமாகப் போடுகிற கனமான கற்களை உருட்டிவந்து நாலு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார். "யாரும் காருக்கு முன்னால நிக்காதிய. பக்கத்துல வாங்க," என்றார். அவர் என்ஜினுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டார். ஜோன்ஸ் வலப்பக்கம், ஸ்டியரிங் தண்டு கீழே இறங்குகிற இடத்தில் டார்ச்சைப் பிடித்துக் குனிந்தான்.

சீனித்தாய் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தாள். முதல் கியரைப் போட்டாள். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு கிளட்சைத் துளித்துளியாக விட்டாள். கார் போக வழியில்லாமல் உறுமியது. அவள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாள்.

"பிடிக்கு!" என்று கத்தினாள்.

"மாதாவே!" என்று அதே நேரத்தில் அம்புரோஸும் கத்தினார். "நிப்பாட்டு! நிப்பாட்டு!"

என்ஜினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். எல்லாம் பழையபடி இருந்தது. "என்ன பாத்திய?" என்றாள்.

என்ஜினை இடப்பக்கம் தாங்கிப் பிடிக்கிற இரும்பு பிராக்கெட்டை அம்புரோஸ் காட்டினார். வெளியூர்ப் பட்டறைக்காரர்கள் புது என்ஜினைப் பழைய சேஸிஸில் உட்கார வைக்கத் தாங்களே அடித்துப் பற்றவைத்த பிராக்கெட். பற்றவைத்த இடத்திலேயே அது விட்டிருந்தது. என்ஜின் சும்மா நிற்கும்போது அதன் பாரமே விரிசலை அமுக்கி மூடிவிடுகிறது. மேலே பெயின்ட்டும் எண்ணெய் அழுக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் முழு இரும்பாகத்தான் தெரியும். என்ஜின் முக்கி இழுக்கும்போதுதான் இடப்பக்கம் மேலே கிளம்பி, அந்த விரிசல் வாய் திறக்கிறது.

"ரெண்டு விரல் உசரத்துக்குத் தூக்கிட்டு தங்கச்சி. நான் எங்கண்ணால பாத்தேன்."

"இடப்பக்கம் தூக்குனா வலப்பக்கம் சாயணும்ல?" என்றான் ஜோன்ஸ். "இங்கன பாருங்க. என்ஜின் அப்படியே வந்து ஸ்டியரிங் ஜாயின்ட்டு மேல உக்காருது. அதான் பிடிக்கு. நான் அலைன்மென்ட் பாத்தது அத்தனையும் வேஸ்ட்டு."

கியர் பாக்ஸ்காரர் கியர் பாக்ஸைப் பார்த்தார், ஸ்டியரிங்காரன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். நோய் இரண்டுக்கும் நடுவில், யாருடைய வேலையும் இல்லாத ஓர் இரும்புத் துண்டில் உட்கார்ந்திருந்தது. அம்புரோஸ் சீனித்தாயைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு அந்தக் கியரு கழலலைன்னு வையி, என்ஜின் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஸ்டியரிங்க விட்டிருக்காது. கழண்டதுதான் உங்களக் காப்பாத்துச்சு." சீனித்தாய் பக்கத்தில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தாள். பின் சீட்டில் சிரித்துக்கொண்டு வந்த அந்தச் சித்திமாரை நினைத்தாள். சிவசுப்பிரமணியன் எதிர்க் கடையிலிருந்து அவளுக்கு ஒரு சோடா வாங்கி வந்தார்.

விரிசலை மட்டும் பற்றவைத்துவிட்டால் போதும் என்பது அம்புரோஸின் முதல் எண்ணம். சீனித்தாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒருதரம் விட்ட எடம் இன்னொரு தரம் விடும். படகுக்கு என்ஜின் வைக்கும்போது இப்படித்தான் வைப்பியளா அண்ணாச்சி?"

"படகுக்கா? அதுக்கு இந்தத் தகரம் எந்த மூலைக்கு?"

"அப்ப இதுக்கும் படகு மாதிரி வையுங்க."

அம்புரோஸ் சிரித்துவிட்டார். அவள் அவரைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை. தடித்த இரும்புத் தகட்டில் இரண்டு பக்கத்துக்கும் புது பிராக்கெட் வெட்டி, மூலைக்கு மூலை தாங்கு கொடுத்துப் பற்றவைத்தார். என்ஜின் உட்காருகிற ரப்பர் இரண்டையும் மாற்றினார். அதற்கும் மேலே, பிராக்கெட்டே உடைந்தாலும் என்ஜின் கிளம்பாதபடி இடப்பக்கத்தைச் சேஸிஸோடு ஒரு குட்டைச் சங்கிலியால் பிணைத்தார். ஜோன்ஸ் ஸ்டியரிங் தண்டை என்ஜினிலிருந்து விலக்கி, நடுவில் ஒரு பேரிங் வைத்துப் பிடித்தான். என்ஜின் சாயும்போது கியர் கம்பி எந்த விளிம்பில் முட்டிக் கியரைக் கழற்றியதோ, தரையில் வெட்டியிருந்த அந்த ஓட்டையையும் அகலமாக்கினார்கள்.

பிறகு திரும்பவும் அரிசி மூட்டை. பாலத்தில் ஏறினாள், இறங்கினாள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டினாள். குண்டும் குழியுமான இடங்களைத் தேடித் தேடிப் போனாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து கார் பானட்டைத் திறந்து, சங்கிலி தொய்வாக இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்த்தாள். இழுபட்டிருந்தால் பிராக்கெட் அசைகிறது என்று அர்த்தம். தொய்வாகவே இருந்தது. அம்புரோஸ் போதும் என்ற பிறகும், சிவசுப்பிரமணியன் போதும் என்ற பிறகும் ஓட்டினாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "இனி ஏத்தலாம்," என்றாள்.

வேறொருத்தி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். சீனித்தாய் வெளியூர்ப் பட்டறைக்குப் போன் போட்டாள். பட்டறை முதலாளி, நீங்கள் பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்றார். ஓட்டத் தெரியாதவர்கள் கையில் எந்தக் காரும் உடையும் என்றார். வாய் தவறி, "இதே மாதிரி இன்னொரு காருக்கும் பண்ணிக் கொடுத்தோம், அவங்க ஒரு கம்ப்ளைன்ட்டும் சொல்லலையே," என்றும் சொல்லிவிட்டார்.

"அது யாரு காரு?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. சும்மா போயி அவங்கள பயமுறுத்தவா?"

போனை வைத்துவிட்டார். தங்கள் வேலையைக் காட்ட அந்தப் பட்டறைக்காரர்கள் இணையத்தில் படங்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய கார் இருந்தது. அதற்குக் கீழே பச்சை நிற அம்பாசிடர் ஒன்று ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில் நின்றது. ஸ்டூடியோ பலகையில் ஊர்ப் பெயர் பாதி தெரிந்தது: நாசரேத்.

"போன்ல சொன்னா நம்ப மாட்டாவ," என்றாள் சிவசுப்பிரமணியனிடம். "நேர்ல போயிட்டு வாரேன்." ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் காரிலேயே கிளம்பினாள்.

நாசரேத்தில் ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. உரிமையாளர் ஜேசுதாசன், அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டவர். பக்கத்து வீடுதான் அவர் வீடு. குடும்பமே எங்கோ கிளம்பத் தயாராக இருந்தது. பச்சைக் கார் வாசலில் துடைத்துப் பளபளவென்று நின்றது. சீனித்தாய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நீங்க யாரும்மா? என் காரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் வந்ததில்ல."

"உங்க காரு எனக்குத் தெரியாது சார். எங் காரு தெரியும். ரெண்டுக்கும் பிராக்கெட் அடிச்ச கை ஒண்ணு. ஒரு நிமிஷம் பானட்டத் தொறந்து காட்டுங்க. ஒண்ணுமில்லன்னா உங்க கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்."

"நேரமாச்சும்மா. திருநெல்வேலியில பேரனுக்கு ஞானஸ்நானம்."

அவர் மனைவி ஜெயஷீலா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கியரு தானா கழலும்னா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. மேடு ஏறும்போது. ஆளு நெறைய இருந்தா."

ஜெயஷீலா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "போன மாசம் கழண்டுச்சே. நான் கையத் தட்டிட்டேன்னு சொல்லி வழியெல்லாம் எங்கிட்ட சண்டை போட்டீங்களே. நான் தட்டவே இல்லன்னு சொன்னேனா இல்லியா?"

ஜேசுதாசன் போய்ப் பானட்டைத் திறந்தார். சீனித்தாய் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அவரையே உட்கார்ந்து முக்க வைக்கச் சொன்னாள். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் போய்க் குனிந்தாள். பச்சைக் காரில் விரிசல் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிராக்கெட்டின் மேல் பாதியில், பற்றவைத்த கோட்டை ஒட்டி, ஒரு நகம் நுழைகிற வாய் திறந்து மூடியது.

"நிப்பாட்டுங்க சார். இறங்கி வாங்க. இப்ப அம்மா முக்கட்டும், நீங்க வந்து பாருங்க."

ஜெயஷீலாவுக்கு ஓட்டத் தெரியாது. சீனித்தாயே ஏறி மிதித்தாள். ஜேசுதாசன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, துடைத்து வைத்த காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பின் சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த மகளும் அவளுடைய பிள்ளைகள் மூன்று பேரும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் இறங்குங்க," என்றார்.

அம்புரோஸின் நம்பரைச் சீனித்தாய் அவர் போனில் பதிந்து கொடுத்தாள். காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அந்த நேரத்துக்கு டாக்ஸி எங்கே கிடைக்கும் என்று யோசிப்பது தெரிந்தது.

சீனித்தாய் தன் காரின் பின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார். ஆராதனை எத்தன மணிக்கு?"

"நாங்க ஆறு பேர் இருக்கோமேம்மா."

"தெரியும் சார். ஏறுங்க."